கோழிக்கு எறியும் சோறு

 

இம்மாதம் மிகச் சிறியதொரு பொருளைப் பற்றி உங்களோடு பேச விழைகிறேன். உண்டு மிஞ்சிய சோற்றையும், நறுக்கிய பழத்தின் தோலையும் கொல்லைப்புறத்துக் கோழிகளுக்கு எறிகிறோமே, அதைப் பற்றித்தான். மதரஸாவில் ஓதிக்கொடுக்கும் ஒருவருக்குக் கோழித் தீனியைப் பற்றி எழுத என்ன இருக்கிறது என்று உங்களில் சிலர் புன்முறுவல் பூக்கக்கூடும். எழுதியே தீரவேண்டிய கடமை எனக்கு எவ்வாறு நேர்ந்தது என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

எங்கள் ஊர் குடமுருட்டி ஆற்றுப் பாசனத்தில் அமைந்த ஒரு சிற்றூர். எங்களுக்கு அடுத்த வீட்டில் வாழும் மாமி, கணவரை இழந்தவர். அவருடைய கையிருப்பு என்பது ஆறு பெட்டைக் கோழிகள். இரண்டு நாட்டுக்கோழி, நான்கு புறக்கடை வளர்ப்புக்கென மேம்படுத்தப்பட்ட இனம். நாளொன்றுக்கு நான்கு முட்டை தவறாமல் கிடைக்கும். அந்த முட்டைக் காசில்தான் மாமி தமது இரத்த அழுத்த மாத்திரையையும், பேத்தியின் நோட்டுப் புத்தகங்களையும் வாங்கிவந்தார்.

கடந்த ஆண்டு, வெளியூரில் வாழும் தம் மகளின் பேறுகாலத்திற்காக நாற்பது நாள் தங்கப் புறப்பட்ட மாமி, கோழிகளை எங்கள் வீட்டில் விட்டுச் சென்றார். ஒரு சாக்கு நிறையத் தீனியும் கொடுத்தார். கம்பும், நொய்யும், தவிடும், கடலைப் பிண்ணாக்கும், கருவாட்டுத் தூளும் கலந்த தீனி அது. "காலையில ரெண்டு கொட்டாங்கச்சி, அஸருக்குப் பிறகு ரெண்டு கொட்டாங்கச்சி, கிளிஞ்சல் தூள் தனியா ஒரு சட்டியில கிடக்கட்டும். ஹஜ்ரத், இது அமானிதம், பார்த்துக்குங்க" என்று சொல்லிவிட்டுப் பேருந்து ஏறினார். ஆறு கோழிக்கு இவ்வளவு அளவுச் சிக்கனமா என்று நானும் என் துணைவியாரும் பேசிக்கொண்டோம். அந்தப் பேச்சை நினைத்தால் இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

பத்து நாள் கழிந்ததும் எங்கள் வீட்டில் என் தமையனார் மகனுடைய வலீமா விருந்து நடந்தது. நம் விருந்துகள் எப்படி நடக்கும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. அக்கம்பக்கத்து வீடுகளுக்கும் ஏழைகளுக்கும் கொடுத்தது போகவும் ஓர் அண்டாவில் நெய்ச்சோறு எஞ்சியது. தாளிச்சாவும், வெங்காயப் பச்சடியும், ஊறுகாயும், ரொட்டித் துண்டுகளும், பழத்தட்டுகளில் கனிந்து குழைந்த வாழைப்பழமும் மீதமாயின. குப்பையில் கொட்டினால் அது விரயம். கோழிக்குப் போட்டால் நன்மை என்று முடிவு செய்தோம். நான்கைந்து நாள்கள் கோழிகளுக்கு அதுவே உணவு. அவை ஓடிவந்து ஆவலோடு கொத்தித் தின்றதைக் கண்டு மகிழ்ந்தும் போனோம். மாமியின் சாக்கைத் திறக்கவேயில்லை.

நான்காம் நாள் இரண்டு முட்டைதான் கிடைத்தது. ஆறாம் நாள் ஒரு முட்டை. அதுவும் ஓடில்லாத தோல்முட்டை. எட்டாம் நாள் ஒன்றுமில்லை. ஒரு கோழி சிறகைத் தொங்கவிட்டு மூலையில் நின்றது. அதன் கழுத்தடியில் தீனிப்பை புடைத்து, தொட்டால் களிபோல் குழைந்தது. வாயில் புளித்த வாடை வீசியது. மறுநாள் ஃபஜ்ருக்கு எழுந்தபோது அது இறந்து கிடந்தது. அன்று மாலை இன்னொன்றும் இறந்தது.

இறந்த கோழியை எடுத்துக்கொண்டு கால்நடை மருத்துவரிடம் சென்றேன். அவர் அதை அறுத்துப் பார்த்தார். என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டார். சொன்னேன். பூசணம் பூத்த ரொட்டியும் இருந்ததா என்று கேட்டார். கடைசி இரண்டு நாள்களில் இருந்தது என்பதை ஒப்புக்கொண்டேன். இன்னதுதான் காரணம் என்று ஒன்றை மட்டும் அறுதியிட்டுச் சொல்ல அவர் விரும்பவில்லை. புளித்த சோறு, உப்பு, எண்ணெய், பூசணம் ஆகிய நான்கும் சேர்ந்தால் எந்தக் கோழிதான் தாங்கும் என்று மட்டும் சொன்னார். பிறகு பொறுமையாக ஒரு கணக்கைப் போட்டுக் காட்டினார். அந்தக் கணக்கை உங்களுக்கும் சொல்கிறேன். ஏனெனில் நம்மில் பெரும்பாலோருக்கு அது தெரியாது.

முட்டையிடும் கோழி ஒன்று நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 முதல் 120 கிராம் தீனிதான் உண்ணும். அந்தச் சிறு அளவுக்குள் அதற்குத் தேவையான அனைத்தும் அடங்கியிருக்க வேண்டும். தீனியில் 16 முதல் 18 விழுக்காடு புரதம் இருக்கவேண்டும். ஒரு முட்டைக்குள் சுமார் 6 கிராம் புரதம் உள்ளதல்லவா? முட்டை ஓடோ பெரும்பாலும் சுண்ணாம்புச் சத்தால் ஆனது. ஒவ்வோர் ஓட்டிலும் ஏறக்குறைய 2 கிராம் கால்சியம் இருக்கிறது. ஒரு முட்டை உருவாக ஒரு நாளும் அதற்குச் சற்று மேலும் ஆகும். அதில் ஏறத்தாழ 20 மணி நேரம் ஓடு படிவதற்கே செலவாகிறது. தீனியில் சுண்ணாம்பு போதவில்லையென்றால் கோழி தன் எலும்பிலிருந்து எடுத்து ஓடு செய்யும். அதுவும் தீர்ந்தால் தோல்முட்டை இடும். பிறகு முட்டையிடுவதையே நிறுத்திவிடும்.

வெந்த சோற்றில் மூன்றில் இரண்டு பங்கு தண்ணீர். புரதம் நூற்றுக்கு இரண்டு அல்லது மூன்று பங்குதான். சுண்ணாம்புச் சத்து இல்லையென்றே சொல்லலாம். பழங்களில் தண்ணீர் இன்னும் மிகுதி. தர்ப்பூசணியில் 90 விழுக்காட்டிற்கு மேல் தண்ணீரே. இவற்றால் தீனிப்பையை நிரப்பிக்கொண்ட கோழி, வயிறு நிறைந்து சத்துக் குறைந்து நிற்கிறது. ஆகவே மிச்சம் மீதியும் பழமும் நாள் தீனியில் பத்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது என்றார் மருத்துவர். ஆறு கோழிக்குச் சேர்த்து நாள் தீனி 650 கிராம் என்று வைத்துக்கொண்டால், மிச்சத்தின் பங்கு 60 அல்லது 70 கிராம். அதாவது என் கைக்கு ஒன்றிரண்டு பிடி. நாங்கள் போட்டதோ நாளொன்றுக்கு ஒரு வாளி! மாமியின் கொட்டாங்கச்சிக் கணக்கு சிக்கனமன்று, அறிவு என்பது அப்போதுதான் விளங்கியது.

வாசக அன்பர்களே! சோற்று மிச்சமும் கோழியும் சேர்ந்து உலகத்திற்கே பாடம் புகட்டிய வரலாறு ஒன்று உண்டு. அன்று டச்சுக்காரர்களின் ஆட்சியில் இருந்த ஜாவாத் தீவில், கால் மரத்து, நடை தளர்ந்து, இதயம் வீங்கி மனிதர்கள் இறக்கும் பெரிபெரி என்னும் நோய் படையினரையும் கைதிகளையும் வாட்டியது. 1890ஆம் ஆண்டையொட்டிய காலத்தில் பதேவியா நகரின் இராணுவ மருத்துவமனையில் கிறிஸ்டியான் எய்க்மான் என்ற மருத்துவர் அதனை ஆராய்ந்துகொண்டிருந்தார். ஆய்வுக்காக அவர் வளர்த்த கோழிகளுக்கும் கால் தளர்ந்து, நிற்கமுடியாத அதே போன்ற நோய் கண்டது. பிறகு திடீரென்று அவை நலமடைந்தன. காரணம் என்னவென்று விசாரித்தபோது, ஒரு சிறு செய்தி வெளிப்பட்டது. மருத்துவமனைச் சமையலறையில் மிஞ்சிய, நன்கு தீட்டிய வெள்ளையரிசிச் சோற்றைத்தான் சில மாதங்களாகக் கோழிகளுக்குப் போட்டுவந்தனர். புதிதாக வந்த சமையற்காரர், படையினருக்கான சோற்றைக் கோழிகளுக்குத் தரமுடியாது என்று மறுத்துவிட்டார். அதனால் தவிடு நீங்காத மலிவான அரிசிக்கு மாறினர், கோழிகள் பிழைத்தன!

தீட்டிய அரிசியில் ஏதோ நச்சு இருக்கிறது என்றே எய்க்மான் முதலில் கருதினார். அவரைத் தொடர்ந்து வந்த கெரிட் கிரைன்ஸ் என்பவர்தான் 1901இல், நச்சு எதுவுமில்லை, தவிட்டோடு போய்விட்ட ஏதோ ஒரு பொருளின் குறைவே நோய் என்று எடுத்துரைத்தார். அந்தப் பொருளைத்தான் இன்று தயமின், அதாவது வைட்டமின் பி1 என்கிறோம். எய்க்மானுக்கு 1929இல் நோபல் பரிசு பகிர்ந்து வழங்கப்பட்டது. இதில் நமக்கும் ஒரு தொடர்புண்டு. மலாயாவில் பணியாற்றிய பிராடன் என்ற ஆங்கிலேய மருத்துவர், வெள்ளையரிசி உண்ட சீனத் தொழிலாளர் பெரிபெரிக்கு இரையானபோது, புழுங்கலரிசி உண்ட தமிழ்த் தொழிலாளரை அந்நோய் பெரும்பாலும் தீண்டவில்லை என்று 1907இல் எழுதினார். நெல்லைப் புழுக்கும்போது தவிட்டின் சத்து அரிசிக்குள் இறங்கிவிடுகிறது. நம் காவிரிப் படுகையின் பெண்கள் தலைமுறை தலைமுறையாக நெல் அவித்த கொப்பரைகளில் எத்தகைய நலம் பொதிந்திருந்தது, பார்த்தீர்களா?

ஆனால் பூசணம் சோற்றுக் குறைபாடு போன்றதன்று. அது உண்மையிலேயே நச்சு. 1960இல் இங்கிலாந்தில் ஓரிலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் மடிந்தன. பூசணம் பிடித்த கடலைப் பிண்ணாக்குதான் காரணம் என்று கண்டனர். அவ்வாறு கண்டுபிடிக்கப்பட்ட நச்சின் பெயர் அஃப்லடாக்ஸின். அது ஈரலைத் தாக்கும். வேகவைத்தாலும் முற்றாக நீங்காது. மழைக்காலத்தில் நம் வீடுகளில் பிண்ணாக்கும் தவிடும் எவ்வளவு எளிதில் பூசணம் பூத்துவிடுகின்றன என்பதை எண்ணிப் பாருங்கள். 'மனிதர் தின்னத்தான் ஆகாது, கோழிக்கு ஆகும்' என்ற எண்ணத்தை விட்டுவிட வேண்டும்.

கோழி வளர்க்கும் சகோதரிகளுக்காக, மருத்துவரிடமும் மாமியிடமும் நான் கற்றவற்றைச் சுருக்கமாகத் தருகிறேன்.

கோழிகள் தீனியை உண்ட பிறகு, மாலையில், சிறிதளவு பழமும் கீரையும் கொடுங்கள். பப்பாளி, கொய்யா, தர்ப்பூசணியின் சதையொட்டிய தோல், வெள்ளரி, பூசணிக்காயின் உட்சோறு, முட்டைக்கோசின் வெளியிதழ் ஆகியவற்றைப் பொடியாக நறுக்கிப் போடலாம். முருங்கைக்கீரையும் அகத்தியும் மிக நல்லவை. மஞ்சட்கரு நிறம் பெறுவது இத்தகைய கீரைகளிலும், மஞ்சள் மக்காச்சோளத்திலும் உள்ள நிறமியால்தான். வெறும் நொய் தின்னும் கோழியின் கரு வெளுத்திருப்பதன் காரணமும் அதுவே. ஆயினும் நிறத்தை மட்டும் கொண்டு முட்டையின் சத்தை எடைபோட வேண்டாம்.

உப்பும் எண்ணெயும் ஏறிய ஆணம், ஊறுகாய், ஊறிப் புளித்த சோறு, வேகாத மொச்சை, அவரை விதைகள், பச்சை நிறமேறிய உருளைக்கிழங்குத் தோல், சாக்லேட், தேயிலைச் சண்டு ஆகியவற்றைப் போடாதீர்கள். கடைகளில் பட்டர் ஃப்ரூட் என்று விற்கப்படும் பழமும் கோழிகளுக்கு நஞ்சாகும். வெங்காயம் மிகுந்தாலும் கேடு. நோன்பு மாதத்தில் பழத்தோல் நிறையச் சேரும். பேரீச்சங்கொட்டையையும் பாலித்தீன் துணுக்குகளையும் பொறுக்கியெடுத்த பின்பே அதைக் கொடுங்கள். கொடுத்ததில் எஞ்சியதை மஃரிபுக்கு முன் அள்ளிவிடுங்கள். இரவெல்லாம் கிடந்தால் எலியும் பூசணமும் வரும்.

முட்டை ஓட்டைக் கழுவிக் காயவைத்து, உருத் தெரியாமல் பொடித்துப் போடலாம். உருத் தெரியப் போட்டால் கோழி தன் முட்டையையே கொத்தப் பழகிவிடும். கிளிஞ்சல் தூளைத் தனிச் சட்டியில் வைத்துவிட்டால், வேண்டிய கோழி வேண்டிய அளவு உண்ணும். களத்தில் தூற்றியெடுத்த கருக்காய் நெல்லும் உதவும். பழைய பானையில் கிழிந்த சாக்கு, காய்ந்த சாணம், வைக்கோல் இவற்றைத் திணித்து, நீர் தெளித்து, கரையான் உள்ள இடத்தில் இரவு கவிழ்த்துவைத்தால், காலையில் கரையான் சேர்ந்திருக்கும். குஞ்சுகளுக்கு அதைவிடச் சிறந்த புரதம் வேறில்லை. மருந்து தெளித்த வயலில் மட்டும் மேயவிடாதீர்கள். தண்ணீர், தீனியைப்போல் இரு மடங்கு வேண்டும். கோடையில் இன்னும் மிகுதியாக. வெள்ளைக்கழிச்சல் தடுப்பூசியைக் கோடைக்கு முன்பே போட்டுவிடுங்கள். ஐயமிருந்தால் அருகிலுள்ள கால்நடை மருந்தகத்தை நாடுங்கள். தஞ்சைப் பகுதியினருக்கு 2012இல் ஒரத்தநாட்டில் தொடங்கப்பட்ட கால்நடை மருத்துவக் கல்லூரியும் இருக்கிறது.

இதில் மார்க்கத்தின் பக்கமும் ஒன்றுண்டு. அசுத்தம் தின்று திரியும் பிராணியை 'ஜல்லாலா' என்று நம் ஃபிக்ஹு நூல்கள் குறிக்கின்றன. அத்தகைய கோழியை உண்ண நாடினால், இப்னு உமர் (ரலி) அவர்கள் அதை மூன்று நாள் அடைத்துவைப்பார்கள் என்று அறிவிக்கப்பட்டுள்ளது. கோழி என்ன தின்றது என்பது நம் தட்டுக்கு வந்து சேரும் செய்தி என்பதை நம் முன்னோர் அன்றே உணர்ந்திருந்தனர். பூனையைக் கட்டிப்போட்டு, தானும் உணவிடாமல், தேடித் தின்னவும் விடாமல் சாகடித்த பெண்ணின் கதியைப் பெருமானார் (ஸல்) அவர்கள் எச்சரித்ததை நாம் பிள்ளைகளுக்கு ஓதிக்கொடுக்கிறோம். நான் பட்டினி போடவில்லையே, வாரி வழங்கினேனே என்று என் மனம் முதலில் வாதாடியது. ஆனால் நான் வழங்கியது எதை? என் வீட்டு விரயத்தை! என் மனச்சாட்சியை ஆற்றிக்கொள்ள ஆறு கோழிகளைக் குப்பைத்தொட்டியாக்கிவிட்டேன். விருந்தில் அளவறிந்து உலை வைத்திருந்தால், மிச்சமும் இல்லை. அதை மறைக்கக் கோழியும் தேவையில்லை.

மேலை நாடுகளிலும் இவ்விஷயத்தில் இரு விதப் போக்குகள் உள்ளன. 2001இல் பிரிட்டனில் கால்நடைகளுக்குக் கோமாரி நோய் பரவிப் பேரழிவு நேர்ந்தபின், சமையலறை மிச்சத்தைக் கால்நடைக்கும் கோழிக்கும் போடுவதைத் தடுக்கும் சட்டங்கள் வந்தன. பிரான்சிலோ, கோல்மார் வட்டாரத்தில், வீட்டுக் குப்பையைக் குறைப்பதற்காக 2015இல் குடும்பங்களுக்குக் கோழிகளை வழங்கத் தொடங்கினர். ஒருவர் கேட்டை அஞ்சினார். ஒருவர் பயனை நாடினார். இரண்டிற்கும் நடுவே அளவும் தூய்மையும் இருக்கின்றன.

அமானிதப் பொருள், காப்பவருடைய குற்றமின்றி அழிந்துபோனால் அவர் ஈடு கொடுக்க வேண்டியதில்லை. அவருடைய அத்துமீறலாலோ கவனக்குறைவாலோ அழிந்தால் ஈடு கொடுத்தாக வேண்டும் என்று என் மாணவர்களுக்கு ஆண்டுதோறும் பாடம் நடத்துகிறேன். இம்முறை அந்தப் பாடம் என்னையே நோக்கி நின்றது. மாமி அளவு சொல்லிச் சென்றிருந்தார்; நான் மீறினேன். சந்தையில் இரண்டு விடைக்கோழிகள் வாங்கிவந்து கட்டினேன். எஞ்சிய நான்கிற்கும் மாமியின் தீனியையே அளந்து போட்டுவந்தோம். மூன்று வாரத்தில் முட்டை ஓடு மீண்டும் உறுதியானது.

நாற்பது நாள் கழித்து மாமி வந்தார். முதலில் கோழிகளைப் பார்க்கவில்லை. தீனிச் சாக்கைத் தூக்கிப் பார்த்தார். இருக்க வேண்டியதைவிட அதிகம் இருந்தது. நான் தலைகுனிந்து நடந்ததனைத்தையும் சொன்னேன். விடைக்கோழி இரண்டையும், முட்டையின்றிப் போன நாள்களுக்கான காசையும் முன்னால் வைத்தேன். அவர் சற்று நேரம் பேசவில்லை. பிறகு, "வேணாம்னு சொன்னா உங்க மனசு ஆறாது ஹஜ்ரத், நான் வாங்கிக்கிறேன்" என்று எடுத்துக்கொண்டார். வாசல்வரை சென்று திரும்பி என் துணைவியாரிடம் சொன்னார்: "இனிமே உங்க வீட்டு முட்டை ஓட்டைக் குப்பையில போட்டுடாதம்மா. கழுவிக் காயவச்சு எனக்குக் கொடுத்து விடு. அது போதும்."

இன்று எங்கள் அடுப்படியில் அதற்கென்று ஒரு மண்சட்டி இருக்கிறது. வெள்ளிதோறும் ஜுமுஆவுக்கு முன் என் இளைய மகன் அதை அடுத்த வீட்டில் கொண்டுபோய்க் கொடுக்கிறான். உண்பதிலும், உண்ணக் கொடுப்பதிலும் அளவைப் பேணும் நற்பேற்றை வல்ல அல்லாஹ் நம் இல்லங்களுக்கு வழங்குவானாக! ஆமீன்.